மைலோ கலக்க எத்தனை படிகள்?

மாணவர்களே, ஒரு குவளை மைலோ கலக்க எத்தனை படிகள் தேவை? ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். "மைலோ போடு, சுடுநீர் ஊற்று, கலக்கு" என்று மூன்றே வரியில் முடித்துவிட்டீர்களா? டின்னின் மூடியை எதைக் கொண்டு நெம்புவது? எத்தனை கரண்டி? கரண்டியில் குவித்து எடுப்பதா, தட்டையாகவா? தண்ணீர் எந்த அளவு வரை? கலக்கியது போதும் என்று எப்படித் தெரியும்? இவற்றையும் சேர்த்து எழுதினால் பட்டியல் 20 படிகளைத் தாண்டிவிடும்.

ஒரு வேலையை இப்படிச் சிறு சிறு செயல்களாகப் பிரிப்பதற்குப் பணிப் பகுப்பாய்வு என்று பெயர். கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது அல்லவா? ஆனால், "இவர்களால் எந்த வேலையும் செய்ய முடியாது" என்று ஒதுக்கப்பட்ட பலருக்கு வேலைக்கான கதவைத் திறந்தது இந்த முறைதான்.

யார் இவர்கள்?

மூளை வளரும் பருவத்திலேயே தொடங்கி, கற்றல், பேச்சு, பிறருடன் பழகுதல் போன்றவற்றில் வாழ்நாள் முழுவதும் தாக்கம் ஏற்படுத்தும் நிலைகளை வளர்ச்சிக் குறைபாடுகள் என்கிறோம். அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் ஆகியவை இதில் அடங்கும். டவுன் சிண்ட்ரோமின் காரணம் உங்கள் அறிவியல் பாடத்திலேயே உண்டு. நம் உயிரணுக்களில் 21ஆம் குரோமோசோம் இரண்டு இருக்க வேண்டும். இவர்களுக்கு மூன்று இருக்கும். 1959இல் இது கண்டறியப்பட்டது. ஆட்டிசத்துக்கு இப்படி ஒரே காரணத்தைச் சுட்டிக்காட்ட முடியாது. பல மரபணுக்களுக்கு அதில் பங்கு உண்டு. இவை தொற்றுவதில்லை. மருந்து கொடுத்துப் போக்கிவிடக் கூடியவையும் அல்ல.

நம் நாட்டின் பல இடைநிலைப்பள்ளிகளில் சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்பு வகுப்புகள் இயங்குகின்றன. உங்கள் பள்ளியிலும் இருக்கலாம். அங்குள்ள மாணவர்கள் 19 வயது வரை படிக்கலாம். அதற்குப் பிறகு? தினமும் சந்தித்த ஆசிரியர், நண்பர்கள், கால அட்டவணை எல்லாம் ஒரே நாளில் நின்றுவிடும். வீட்டிலேயே முடங்கிவிட்டால், பல ஆண்டுகள் உழைத்துக் கற்ற திறன்களும் பயன்படாமல் மங்கத் தொடங்கும். அதனால்தான் படிக்கும்போதே வேலைக்குத் தயார்ப்படுத்துவது அவசியமாகிறது.

சைக்கிள் பிரேக் உணர்த்திய உண்மை

அமெரிக்காவின் மார்க் கோல்ட் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்குமே, அந்த வகைச் சைக்கிள் பிரேக்கை எடுத்துக்கொண்டார். அதில் 15 பாகங்கள். வரிசை தவறினாலோ, ஒரு பாகம் தலைகீழாகப் போனாலோ பிரேக் வேலை செய்யாது.

அறிவுத்திறன் குறைபாடுள்ள 64 பேர் இந்தப் பயிற்சியில் கலந்துகொண்டனர். இத்தகையோருக்கு அக்காலத்தில் பொருள்களைத் தரம் பிரிப்பது, பைகளில் போடுவது போன்ற மிக எளிய வேலைகளே தரப்பட்டன. கோல்ட் நீண்ட விளக்கம் கொடுக்கவில்லை. பாகங்களை வரிசையாகத் தட்டுகளில் அடுக்கி வைத்தார். தவறாகப் பொருத்தினால், வேறு மாதிரி முயன்று பார்க்கச் சொன்னார். அவ்வளவுதான். ஒரு பிரிவினருக்கு மட்டும் ஒவ்வொரு பாகத்திலும் ஒரு பக்கத்தில் வண்ணம் பூசப்பட்டிருந்தது. வண்ணம் தம்மை நோக்கி இருக்கும்படி வைத்தால் பாகம் சரியாக அமையும்.

ஏறக்குறைய எல்லோரும் பிரேக்கைப் பொருத்தக் கற்றுக்கொண்டனர். வண்ணம் பூசிய பாகங்களைப் பெற்றவர்கள் இன்னும் விரைவாகக் கற்றனர். பிறகு 24 பாகங்கள் கொண்ட வேறொரு பிரேக்கும் பொருத்தப்பட்டது. 1972இல் வெளியான இந்த ஆய்வு பலரின் எண்ணத்தை மாற்றியது. ஒருவர் கற்கவில்லை என்றால், கற்பிக்கும் முறையைத்தான் முதலில் ஆராய வேண்டும் என்பதே கோல்டின் கருத்து.

மூளையில் என்ன நடக்கிறது?

ஒரு தகவலைச் சில நொடிகள் மனத்தில் வைத்திருந்து பயன்படுத்த உதவுவது செயல்படு நினைவாற்றல். எல்லோருக்குமே அதன் கொள்ளளவு சிறியது. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு அது இன்னும் விரைவாக நிரம்பிவிடும். "அலமாரியைத் துடைத்துவிட்டு, பெட்டியைப் பிரித்து, பழைய பொருளை முன்னால் வை" என்று ஒரே மூச்சில் சொன்னால், முதல் கட்டளை மட்டுமே மிஞ்சலாம்.

ஆனால் சைக்கிள் ஓட்டுவது, சப்பாத்துக் கயிறு கட்டுவது போன்றவை வேறு வகை நினைவில் பதிகின்றன. அது செயல்முறை நினைவாற்றல். ஒரே வரிசையில் திரும்பத் திரும்பச் செய்யும்போது, ஒரு படியின் முடிவே அடுத்த படிக்கான நினைவூட்டலாகிவிடும். பணிப் பகுப்பாய்வு சுமையை முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு மாற்றுகிறது.

இதில் உதவியைக் குறைப்பதும் ஒரு கலை. தொடக்கத்தில் கையைப் பிடித்துக் காட்டலாம். அடுத்து செய்துகாட்டலாம், பிறகு விரலால் சுட்டலாம், கடைசியில் பேசாமல் காத்திருக்கலாம். உதவியை விலக்காமலே இருந்தால், பயிற்றுநர் அருகில் இருந்தால்தான் வேலை நடக்கும் என்ற நிலை வந்துவிடும்.

வேலையிடமே வகுப்பறை

வகுப்பறையில் மேசை துடைக்கக் கற்ற ஒருவர், உணவகத்தில் அதையே செய்யத் தயங்கலாம். துணி வேறு, மேசை வேறு, சத்தம் வேறு. ஓரிடத்தில் கற்றதை வேறிடத்துக்குக் கொண்டு செல்வது இவர்களில் பலருக்குக் கடினம். எனவே, முதலில் பயிற்சி, பிறகு வேலை என்ற பழைய வரிசை தலைகீழாக மாறியது. முதலில் வேலையிடத்தில் அமர்த்து, அங்கேயே பயிற்சி கொடு.

அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் 1996இல் தொடங்கிய 'புரொஜெக்ட் சர்ச்' திட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவசரச் சிகிச்சைப் பிரிவில் மருத்துவப் பொருள்களை அடுக்கி நிரப்பும் வேலைக்குப் பொருத்தமான ஆட்களைத் தேடியபோது பிறந்த யோசனை அது. பள்ளியின் இறுதி ஆண்டை மாணவர்கள் வேலையிடத்திலேயே கழித்து, வெவ்வேறு பிரிவுகளில் மாறி மாறிப் பழகுகின்றனர். பல நாடுகளுக்கு இத்திட்டம் பரவியுள்ளது. மேலும், 2008இல் வந்த அமெரிக்கச் சட்டம் ஒன்று, அறிவுத்திறன் குறைபாடுள்ளவர்கள் கல்லூரியில் பயில நிதியுதவி பெற வழி செய்தது. இன்று அங்கு 300க்கும் மேற்பட்ட கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் இவர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. பாடத்தோடு வேலைப் பயிற்சியும் உண்டு.

மலேசியாவில் அதே 2008இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் இயற்றப்பட்டது. ஜப்பானின் ஒத்துழைப்புடன் 'ஜாப் கோச்' எனப்படும் வேலைப் பயிற்றுநர் முறையும் இங்கு அறிமுகமானது. இந்தப் பயிற்றுநர் வேலையிடத்துக்கே செல்வார். பேரங்காடியில் பால் அடுக்கும் வேலை என்று வைத்துக்கொள்வோம். காலாவதித் தேதிகளை ஒப்பிடுவது ஒருவருக்குக் கடினம் என்றால், "இருப்பதை முன்னுக்குத் தள்ளு, புதியதைப் பின்னால் வை" என்று வேலையையே மாற்றியமைக்கலாம். சரியாக நிரப்பிய அலமாரியின் படத்தை ஒட்டி வைக்கலாம். இரைச்சல் தாங்காதவருக்குக் காதடைப்பான் தரலாம். "உங்கள் பலம், பலவீனம் என்ன?" என்று நேர்முகத் தேர்வில் கேட்பதற்குப் பதில், சில நாள் வேலை செய்யச் சொல்லிப் பார்க்கலாம். பயிற்றுநர் சக ஊழியர்களுக்கும் வழிகாட்டிவிட்டு மெல்ல விலகிக்கொள்வார்.

செய்து பாருங்கள்

மைலோ பட்டியலை முழுமையாக எழுதி நண்பரிடம் கொடுங்கள். அதில் இருப்பதை மட்டுமே அவர் செய்ய வேண்டும். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. அவர் எங்கே தடுமாறுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். தடுமாறினால் நண்பரைத் திருத்தாதீர்கள், பட்டியலைத் திருத்துங்கள். எத்தனையாவது பட்டியலில் அவர் தடுமாறாமல் மைலோ கலக்கினார்? எண்ணி வையுங்கள்.

அடுத்து, உங்கள் பள்ளியின் சிறப்புக் கல்வி ஆசிரியரைச் சந்தியுங்கள். தம் மாணவர்களுக்கு எந்த வேலைக்குப் பட அட்டைகள் தேவை என்று அவர் சொல்வார். படம் எடுக்கக் கைப்பேசியும், நல்ல பட்டியல் போடும் பழக்கமும் உங்களிடம் இருக்கின்றனவே!