ஜிடேனிடம் முட்டு வாங்கியவர் மட்டும்தானா மெட்டரசி? கீழ் டிவிஷனில் இருந்து சென்னைக்கு வந்த இத்தாலி டிஃபெண்டரின் கதை

புதுக்கோட்டை, அறந்தாங்கி பக்கம் மாலையில் ஏதாவது ஒரு மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். டீம் பிரிப்பார்கள். நல்லா ஓடுறவன் ஃபார்வர்ட். கடைசியா மிஞ்சுறவனைப் பார்த்து, “நீ பேக் நில்லுடா” என்பார்கள். கோல் போட்டவன் பெயர் ஊருக்கே தெரியும். தடுத்தவன் பெயர் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அப்படி பின்னால் நின்று தடுத்தே உலகக் கோப்பை வரை போனவர் இத்தாலியின் மார்கோ மெட்டரசி. நம்ம சென்னை அணிக்கும் ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்தவர். ஆனால் பலருக்கும் அவர், 2006 இறுதிப் போட்டியில் ஜிடேன் தலையால் முட்டிய ஆள். அவ்வளவுதான். அதற்கு முன்னால் அவர் எங்கே இருந்தார்?

எங்கே தொடங்கினார்?

1973இல் பிறந்த மெட்டரசியின் அப்பா ஜுசெப்பே, கால்பந்துப் பயிற்சியாளர். லாசியோ போன்ற பெரிய அணிக்கே பயிற்சி கொடுத்தவர். ஆனாலும் மகனுக்குப் பெரிய கிளப்பின் கதவு திறக்கவில்லை. ரோமில் டோர் டி குயின்டோ என்ற அமெச்சூர் அணி, பிறகு சிசிலித் தீவில் மர்சாலா, டிரப்பானி என்று கீழ் டிவிஷன்களில்தான் ஆடினார். 1995இல் பெருஜியா அணி எடுத்தது. அங்கேயும் நிலையான இடம் இல்லை. 1996-97 சீசனின் நடுவில் கார்பி என்ற கீழ் டிவிஷன் அணிக்குக் கடனாக அனுப்பப்பட்டார். ஒரு படி ஏறி மறுபடி இறங்கிய கதைதான்.

இத்தாலியின் ஏணி எப்படி?

மேலே சீரி ஏ, அதற்குக் கீழே பி, சி, டி என்று அடுக்குகள். இப்போது சீரி சியில் மட்டும் 60 அணிகள். பகுதி வாரியாக 3 பிரிவுகளாக ஆடும். ஜெயித்தால் மேலே, தோற்றால் கீழே. அதனால் சின்ன ஊர் அணிக்கும் ஒவ்வொரு மேட்ச்சும் வாழ்வா சாவா போராட்டம்.

டிஃபெண்டருக்கு இது நல்ல பள்ளிக்கூடம். வேகமும் கால் வித்தையும் சின்ன வயசிலேயே தெரிந்துவிடும். எங்கே நிற்க வேண்டும், எப்போது காலை நீட்டக் கூடாது என்பதெல்லாம் ஆடி ஆடித்தான் வரும். அதற்கு நிறைய மேட்ச் வேண்டும். பெரிய கிளப்பின் பெஞ்சில் உட்கார்ந்தால் அது கிடைக்காது.

எப்போது மேலே வந்தார்?

1998-99இல் இங்கிலாந்தின் எவர்ட்டனுக்கு ஆடிவிட்டு, மறுபடி பெருஜியா. 2000-01 சீரி ஏ சீசனில் 12 கோல்கள்! டிஃபெண்டர் ஒருவர் ஒரே சீசனில் அடித்ததில் அது அப்போது புதிய சாதனை. 2001இல், 27 வயதில்தான் தேசிய அணியில் முதல் ஆட்டம். அதே ஆண்டு இன்டர் மிலான்.

2006 உலகக் கோப்பைக்கும் மாற்று வீரராகத்தான் போனார். அலெசாண்ட்ரோ நெஸ்டா காயமடைந்ததால் இடம் கிடைத்தது. இறுதிப் போட்டியின் 7வது நிமிடத்தில் பிரான்ஸுக்குக் கிடைத்த பெனால்டி இவர் செய்த ஃபவுலால் வந்தது. 19வது நிமிடத்தில் தலையால் முட்டி ஆட்டத்தைச் சமன் செய்தவரும் இவரே. பெனால்டி ஷூட் அவுட்டிலும் கோல். கோப்பை இத்தாலிக்கு.

சென்னையில் என்ன செய்தார்?

2014இல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது சென்னையின் எஃப்.சி.க்கு வீரராகவும் பயிற்சியாளராகவும் வந்தார். அந்த சீசனில் நெஸ்டாவும் சென்னைக்கு ஆடினார் என்பது சுவாரஸ்யம்.

2015இல் பட்டியலில் கடைசி இடம் வரை சரிந்த அணி, எழுந்து அரையிறுதிக்கு வந்தது. அந்த நேரம் சென்னையில் பெருவெள்ளம். சொந்த மைதானத்தில் ஆட வேண்டிய அரையிறுதி புனேவுக்கு மாற்றப்பட்டது. அங்கே கொல்கத்தாவை 3-0 என வென்றது. டிசம்பர் 20, கோவாவில் இறுதிப் போட்டி. 90வது நிமிடம் நெருங்கியபோது சென்னை பின்தங்கியிருந்தது. முடியும்போது 3-2, கோப்பை சென்னைக்கு.

நம்ம ஊர் பையனுக்கு ஏணி இருக்கா?

2018-19இல் கோவையைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி., ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி ஐ-லீக் சாம்பியன் ஆனது. ஆனால் ஐ.எஸ்.எல்.லுக்கு ஏற முடியவில்லை. ஏறுவதற்கான விதியே அப்போது இல்லை. எட்வின் சிட்னி வான்ஸ்பால் போன்ற வீரர்கள் வேறு அணிக்கு மாறித்தான் மேலே போனார்கள்.

2022-23இல்தான் முதல் முறையாக ஐ-லீக் சாம்பியனுக்கு அந்தக் கதவு திறந்தது. பஞ்சாப் அணி மேலே போனது. அடுத்த ஆண்டு முகமதன் ஸ்போர்ட்டிங். 2023-24இல் ஐ-லீக் 3 என்ற அடுக்கும் சேர்ந்தது.

மெட்டரசிக்குத் தேசிய அணி வாய்ப்பு 27 வயதில் வந்தது. அதுவரை ஏதாவது ஒரு டிவிஷன் அவருக்கு வாரா வாரம் மேட்ச் கொடுத்தது. புதுக்கோட்டையில் இன்றைக்கு “பேக்” நிற்கும் பையனுக்கும் அதுதான் தேவை. பள்ளி முடிந்த பிறகும் அவன் ஆட ஒரு லீக் இருந்தால்தான் 27 வயதில் யார் கண்ணிலாவது படுவான்.