நிறம் கூறும் சான்று

புதுவையினின்று கடலூர் செல்லும் பெருஞ்சாலையில் அமைந்தது, பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த கிருமாம்பாக்கம். ஏரியும் வயலும் சூழ்ந்த அப்பகுதியில் நீரே செல்வம். தென்பெண்ணையின் நீரைப் பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரிக்குக் கொணர்கின்றது. தெளிந்த நீரைத் தூய நீரென்று நாம் எண்ணுதல் இயல்பு. ஆயின், கண்ணுக்கு எளிதிற் புலனாகாத மாசொன்று இந்நாளில் உலகெங்கும் நீர்நிலைகளிற் பரவியுள்ளது. அதுவே பிளாஸ்டிக் நுண்துகள்.

பையும் புட்டியும் வலையும் வெயிலாலும் அலையாலும் சிதைந்து பொடியாகின்றன. அவற்றுள் 5 மில்லிமீட்டரினும் சிறியவற்றை நுண்துகள் என்பர். 2004-ஆம் ஆண்டில் ரிச்சர்டு தாம்சன் என்னும் ஆங்கில அறிஞரும் அவர்தம் துணைவரும் வெளியிட்ட ஆராய்ச்சிக்குப் பின்னர், அறிஞருலகம் இவற்றை ஊன்றி நோக்கலாயிற்று.

இவற்றைக் காட்டிக்கொடுக்கப் பொன் துணைசெய்கின்றது. பொன்னை ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஓரிரு பங்களவான துகளாக்கி நீரிற் பரப்பின், அந்நீர் மாதுளை முத்துப்போற் சிவக்கும். மைக்கேல் பாரடே 1857-இல் இதனை ஆராய்ந்து விளக்கினார். துகள்கள் விலகி நிற்பின் செம்மை. நெருங்கித் திரளின் நீலம். ஆதலின், பிளாஸ்டிக்கைப் பற்றும் இயல்புடைய புரதத் துணுக்குகளைப் பொற்றுகள்மேற் போர்த்துகின்றனர். நீரில் பிளாஸ்டிக் இருப்பின் அத்துணுக்குகள் அதனைப் பற்றும், பொற்றுகள்களின் இடைவெளி மாறும், நிறமும் வேறுபடும்.

எனினும், நிறம் ஒன்றையே நம்புதல் தகாது. உப்பும் பொற்றுகள்களைத் திரளச்செய்ய வல்லது. கிருமாம்பாக்கத்திற்குக் கிழக்கே கடல் அணித்தே உளது. உவர்ப்பேறிய கிணற்று நீர், பிளாஸ்டிக் சிறிதும் இன்றியே நிறத்தை மாற்றக்கூடும். ஆகவே, அதே அளவு உப்புடைய தூய நீரையும் உடன்வைத்து ஒப்பிடுதல் வேண்டும்.

அதன்பின்னும் மற்றொரு சான்று தேவை. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. இராமன் 1928-இல் கண்ட ஒளிச்சிதறல் அதனை அளிக்கின்றது. ஒவ்வொரு பொருளும் தான் சிதறும் ஒளியில் தனக்குரிய அடையாளத்தைப் பதிக்கின்றது. அதனால் மணல் இன்னது, பிளாஸ்டிக் இன்னது எனத் தெளியலாம். ஆயின் இம்முறைக்குப் பொருளும் காலமும் மிகுதியும் வேண்டும். நிறச்சோதனையோ எளிது, விரைவானது. ஆதலின் முன்னது ஐயத்தை எழுப்ப, பின்னது ஐயத்தைத் தீர்த்தல் முறையாகும்.

இரண்டு சாட்சிகளின்றித் தீர்ப்பளித்தலாகாது என்பது திருமறை கற்பிக்கும் நெறியன்றோ? ஏரிநீரைப் பழிப்பதற்கும், பழுதற்றதெனப் புகழ்வதற்கும் முன்னர் அந்நெறியையே நாம் கைக்கொள்வோமாக. உண்மை தெளிந்தபின் வாளாவிராது, நீரைக் காத்தலும் நம் கடனேயாம்.