கடைசித் திருகு எங்கே முறுக்கப்படுகிறது?

2025 மார்ச், ஏப்ரல் மாதங்களில் சென்னை விமான நிலையத்திலிருந்து ஐபோன்களை ஏற்றிக்கொண்டு வாடகைச் சரக்கு விமானங்கள் அமெரிக்காவுக்குப் பறந்தன. மொத்தம் சுமார் 600 டன் என்றது ராய்ட்டர்ஸ் செய்தி. 30 மணி நேரம் பிடிக்கும் சுங்க நடைமுறையை 6 மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார்கள். இத்தனை அவசரத்துக்கும் காரணம், டிரம்ப் அறிவித்த இறக்குமதி வரி.

வரியைக் கட்டுவது யார்?

சீனப் பொருளுக்கு அமெரிக்கா வரி போட்டால், அதைச் சீனா கட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் கட்டுவது, சரக்கை அமெரிக்காவில் இறக்கும் நிறுவனம்தான். அதுவும் கடை விலைக்கு அல்ல, சுங்கத்தில் காட்டும் இறக்குமதி மதிப்புக்கு. அந்தச் சுமையை நிறுவனம் தன் லாபத்தில் கழிக்கலாம். உற்பத்தியாளரிடம் விலையைக் குறைக்கச் சொல்லலாம். வாங்குபவர் தலையில் ஏற்றலாம். மூன்றும் கட்டுப்படியாகாவிட்டால், சரக்கை வேறு நாட்டிலிருந்து வாங்கும்.

ஆப்பிள் செய்தது அதைத்தான். 2025 ஏப்ரலில் சீனப் பொருள்கள் மீதான வரி 145 சதவீதம் வரை ஏறியது. அடுத்த சில நாள்களிலேயே போன், கணினிகளுக்கு விலக்கு கிடைத்தது. ஆனாலும் சீனாவிலிருந்து வரும் போனுக்கு 20 சதவீத வரி மிச்சமிருந்தது. இந்தியாவிலிருந்து சென்ற போனுக்கு அது இருக்கவில்லை. ஜூன் காலாண்டில் அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் பெரும்பாலானவை இந்தியாவில் தயாரானவையாக இருக்கும் என்று மே 1 அன்று ஆப்பிள் சார்பில் டிம் குக் அறிவித்தார்.

எது ‘இந்தியப் பொருள்’?

சிப் தைவானிலிருந்தும், திரை கொரியாவிலிருந்தும், இன்னும் பல பாகங்கள் சீனாவிலிருந்தும் வரலாம். ஆனால் சுங்கச் சட்டம் பார்ப்பது, ஒரு பொருள் எங்கே புதிய உருவமும் பெயரும் பெற்றது என்பதைத்தான். போனைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் கடைசியாகப் பூட்டி முடிக்கும் இடம். ஸ்ரீபெரும்புதூரில் பூட்டினால் அது இந்தியப் போன்.

இந்தியா கட்டிய படிக்கட்டு

போன் தொழிற்சாலைகளை இங்கே வரவழைத்ததிலும் வரிக்குப் பங்கு உண்டு. அது நம் வரி. 2017 ஜூலையில் வெளிநாட்டு போனுக்கு 10 சதவீதமாகத் தொடங்கிய சுங்க வரி, டிசம்பரில் 15, 2018 பட்ஜெட்டில் 20 என ஏறியது. பாகங்களுக்கும் படிப்படியாகத்தான் வரி வந்தது. முதலில் சார்ஜர், பேட்டரி. பிறகு மைக், கேபிள். அதன்பின் சர்க்யூட் பலகை, கேமரா. முழு போனுக்கு வரி அதிகம், பாகங்களுக்குக் குறைவு என்ற இடைவெளி இருந்தால்தான், இங்கே கொண்டுவந்து பூட்டுவது லாபம். 2020இல் உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டமும் சேர்ந்துகொண்டது.

2024 ஜூலையில் போனுக்கான வரி 15 சதவீதமாகக் குறைந்தது. இந்த விகிதத்தில் ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 10,000 ரூபாய் மதிப்புள்ள போனை இறக்கினால் சுங்க வரி 1,500. அதன்மேல் 10 சதவீதக் கூடுதல் வரி 150. இந்த 11,650 ரூபாய்க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 2,097. ஆக, 13,747 ரூபாய். உள்நாட்டில் பூட்டிய போனுக்கும் ஜிஎஸ்டி உண்டு; ஆனால் அந்த 1,650 ரூபாய் இல்லை.

லேப்டாப்புக்கு மட்டும் ஏன் வரி இல்லை?

உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் 1997இல் சேர்ந்த இந்தியா, கணினிக்குச் சுங்க வரி போடுவதில்லை என்று ஒப்புக்கொண்டது. அதனால்தான் 2023 ஆகஸ்டில் லேப்டாப் இறக்குமதியைக் கட்டுப்படுத்த அரசு வரியை விட்டு உரிமத்தைக் கையில் எடுத்தது. எதிர்ப்பு கிளம்பவே, இறக்குமதிக்கு முன்னனுமதி பெற்றால் போதும் என்று தளர்த்தியது. ஸ்மார்ட்போன் அந்த ஒப்பந்தத்தில் அடங்காது என்பது இந்தியாவின் வாதம். ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான், தைவான் தொடுத்த வழக்குகளில் 2023 ஏப்ரலில் நடுவர் குழு அதை ஏற்கவில்லை.

வரி எதை நகர்த்தும்?

பூட்டும் வேலையை வரி சீக்கிரம் நகர்த்திவிடும்; பாகங்களை அல்ல. ஒரு கேமரா, ஒரு திரை என ஒவ்வொன்றின் பின்னாலும் பல ஆண்டு முதலீடும் கைத்தேர்ச்சியும் இருக்கின்றன. பாகங்களை இங்கேயே செய்ய 22,919 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அரசு 2025 மார்ச்சில் ஒப்புதல் தந்தது அதற்காகத்தான்.

பூட்டும் வேலை மட்டும் இருக்கும் ஊரில் தொழிற்சாலைக்கு வேர் ஆழமாக இறங்காது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலை, வரி வழக்கிலும் அங்கே செய்த போன்களை மைக்ரோசாஃப்ட் வாங்குவதை நிறுத்தியதிலும் சிக்கி, 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. அந்த ஆலையில் வேலையிழந்தவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள்.