உடம்பு இளைப்பவருக்கு உடுப்பு விற்பது எப்படி?

ஜவுளிக் கடைக்கு வருகிறவர்களில் ஒரு புது ரகம் சேர்ந்திருக்கிறது. "ஒரு சைஸ் பெரிசா கொடுங்க" என்பவரை நமக்குப் பல காலமாகத் தெரியும். "போன தீபாவளிக்கு எடுத்த பேண்ட் இடுப்பில் நிற்க மாட்டேங்குது" என்று வருகிறவர் முன்பெல்லாம் அபூர்வம். இப்போது வாலாஜாபாத் பஜாரிலேயே அடிக்கடி பார்க்கிறோம். இவர்களுக்கு எப்படி எடுத்துக் கொடுப்பது என்று ஜவுளி, ரெடிமேடு வணிக அன்பர்களின் கவனத்துக்குச் சில விஷயங்களை வைக்க விரும்புகிறோம்.

இளைப்பதற்குக் காரணம் பல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. அதே ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையைத் தமிழக அரசு தொடங்கி வைத்தது. டாக்டர் சொல்லி நடப்பவர்கள், இரவுச் சாப்பாட்டைக் குறைத்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். 2025 மார்ச்சில் மௌன்ஜாரோ, ஜூனில் வெகோவி என்று எடை குறைக்கும் ஊசிகளும் இந்தியாவுக்கு வந்துவிட்டன. ஆனால் சர்க்கரை கட்டுக்குள் இல்லாமலோ காசநோயாலோ இளைப்பவரும் அதே கல்லாவுக்கு முன்னால்தான் வந்து நிற்கிறார். ஆகவே "என்னங்க இப்படி இளைச்சிட்டீங்க, உடம்புக்கு என்ன?" என்று கடைப் பையன் கேட்கவே கூடாது. அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். அந்தக் கேள்விக்குப் பயந்தே வேறு கடைக்குப் போனவர்கள் உண்டு.

அடுத்தது, இளைத்துக்கொண்டிருப்பவருக்கு ஐந்து செட் விற்காதீர்கள். இரண்டு போதும். இதைக் கேட்டுச் சில அன்பர்கள் கோபிக்கலாம். இன்று 38 இடுப்பு எடுத்துப் போகிறவர் நாலு மாதத்தில் 36 ஆகலாம். ஐந்தும் வீணானால் அந்த வருத்தம் நம் கடைப் பெயரோடுதான் ஒட்டிக்கொள்ளும். ஷிப்டுக்குப் போகிற பையனுக்கு ஒரு பேண்ட் என்பது ஒரு நாள் கூலியில் பெரும்பங்கு. எடை இரண்டு மூன்று மாதம் ஒரே இடத்தில் நின்ற பிறகு மீதியை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நிச்சயம் நம்மிடமே வருவார்.

அந்த இரண்டு செட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது? தோளைப் பாருங்கள். சட்டையோ சுடிதாரோ, தோள் தையல் தோள் எலும்பு முடியும் இடத்தில் உட்கார வேண்டும். பக்கத் தையலை டெய்லர் பத்து நிமிடத்தில் பிடித்துவிடுவார். தோளைக் குறைக்க வேண்டுமானால் கையைக் கழற்றி மறுபடி பூட்ட வேண்டும். அந்தக் கூலிக்குப் பாதிச் சட்டை வாங்கிவிடலாம். எனவே தோள் சரியாக இருந்து, வயிறு சற்று இறுகலாக இருக்கும் சட்டைதான் இளைப்பவருக்கு நல்லது. இன்னொன்று, பார்மல் சட்டையில் 38, 39, 40, 42 என்று போட்டிருப்பது பெரும்பாலும் சென்டிமீட்டரில் கழுத்தளவு, மார்பளவு அல்ல. நம்மில் பலர் இன்னும் அதை மார்பளவு என்றே சொல்லி விற்கிறோம். காலர் பட்டன் போட்ட பிறகு இரண்டு விரல் நுழைந்தால் சரி. நாலு விரல் நுழைந்தால் அந்தச் சட்டை வேண்டாம்.

பேண்ட் விஷயம் கொஞ்சம் சிக்கல். தொப்பை உள்ளவர் பேண்ட்டைத் தொப்பைக்குக் கீழே கட்டுகிறார். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80க்குள் இருக்க வேண்டும் என்று நம் நாட்டு மருத்துவர்கள் சொல்வது தொப்புளை ஒட்டிய அளவு. நாம் இஞ்ச் டேப் பிடிக்கும் இடம் வேறு. வயிறு வற்றினால் பேண்ட் மேலே ஏறி அதன் இயல்பான இடத்தில் நிற்கும். லேபிள் எண் அதிகம் மாறாமலே கால் நீளம் குட்டையாகத் தெரியும். ஆகவே கீழ் மடிப்பில் துணி தாராளமாக விட்ட பேண்ட்டாகக் கொடுங்கள். இடுப்பை இரண்டு அங்குலம் வரை பின்தையலில் பிடிக்கலாம். அதற்கு மேல் போனால் பின் பாக்கெட்டுகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு பார்க்கவே சகிக்காது. பெல்ட்டை இறுக்கிச் சமாளிப்பவர்களுக்குத் துணி சுருங்கி மடிந்து நாள் முழுக்க உறுத்தும். போட்டுப் பார்க்கும்போது நிற்க வைத்து மட்டும் பார்க்காமல், உட்காரச் சொல்லுங்கள், கையைத் தூக்கச் சொல்லுங்கள்.

ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு இங்கிருந்து ஆட்கள் போகிறார்கள். அவர்களுக்குத் தொளதொள உடுப்பு அழகுக் குறைவு மட்டுமல்ல, ஆபத்து. ஓடும் இயந்திரத்தை நெருங்கி எண்ணெய் விடுவது போன்ற வேலையை இறுக்கமான உடை அணிந்தவர்தான் செய்ய வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே வகுத்திருந்தது. 15 கிலோ இறங்கியும் பழைய யூனிபாரத்தின் கை தொங்கத் தொங்க மிஷினுக்கு முன் நிற்பவரைக் கண்டால், கம்பெனியில் சைஸ் மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள். நமக்கு விற்பனை இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

பெண்களுக்குப் புடவை இளைத்தாலும் பெருத்தாலும் ஒன்றுதான், ஜாக்கெட்தான் தகராறு. பக்கத்தில் காஞ்சிபுரம் இருப்பதால் கல்யாணப் பட்டுக்கு நம் கடைகளில் கேட்டு வருகிறார்கள். பட்டோடு வரும் ஜாக்கெட் பிட் ஒன்றே ஒன்று. கெட்டுப்போனால் அதே துணி கிடைக்காது. முகூர்த்தத்துக்கு இளைக்க வேண்டும் என்று முயல்கிற பெண் மூன்று மாதம் முன்பே தைக்கக் கொடுக்க வேண்டாம். கடைசி சில வாரங்களில் தைக்கட்டும். பக்கத்தில் ஒன்றரை அங்குலம் துணி உள்ளே விட்டு, பிடிக்கும்போதும் உள்பக்கம் இன்னொரு தையல் போட வேண்டுமே தவிர, மிச்சத் துணியை வெட்டக் கூடாது. உள்ளாடைகளைத்தான் முதலில் மாற்ற வேண்டும். பலர் கடைசியில்தான் நினைக்கிறார்கள். நிறைய எடை இறங்கியவர்களுக்கு மேல்கையிலும் வயிற்றிலும் தோல் தொங்கும். வேர்த்து உராயும். அவர்களுக்குப் பிடிப்பான கை வேண்டாம், மிருதுவான பருத்தியே நல்லது. (மோதிரம் கழன்று விழுவதைப் பற்றி நகைக்கடை அன்பர்கள் எழுதட்டும்.)

பழையவற்றைத் தூக்கிக் கொடுத்துவிடலாமா என்று கேட்பார்கள். ஒரு நல்ல செட்டையாவது வைத்திருக்கச் சொல்லுங்கள். வெகோவியில் உள்ள மருந்தை நிறுத்தியவர்கள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஒரு வருடத்துக்குள் திரும்பப் பெற்றதாக ஓர் ஆய்வு காட்டியது. ஊசி போடாதவர்களுக்கும் கொஞ்சமாவது திரும்ப ஏறுவது சகஜம்.

இனி நம் சரக்கு. மொத்த வியாபாரிகளாகிய நாங்கள் செட்டாகவே போடுகிறோம். கடையில் ஓடாத சைஸ் தங்குகிறது என்ற குறை நியாயமானது. அடுத்த கொள்முதலில், இடுப்பில் எலாஸ்டிக் வைத்த பேண்ட், நாடா வைத்த சுடிதார் பாட்டம் கொஞ்சம் கூடுதலாக எடுங்கள். இரண்டு சைஸுக்கு ஒரே உருப்படி உதவும். லேபிள் கிழிக்காத, பிடித்துத் தைக்காத உருப்படிக்கு ஒரு மாதம் சைஸ் மாற்றித் தருவதாகப் பில்லிலேயே எழுதுங்கள். திரும்பி வரும் சைஸை எங்களிடம் கொடுத்தால், அதே டிசைன் இருப்பில் இருக்கும் வரை நாங்களும் மாற்றித் தருகிறோம்.