அசையும் காலும் அசையாக் காட்சியும்: ஸ்டெடிகேம் ஒரு விளக்கம்

தோற்றுவாய்

திரைக்கலை அசைவின் கலை. எனினும் அசைவு வேறு, நடுக்கம் வேறு. நடந்து செல்லும் ஒருவரைக் கேமராவும் உடன் சென்று காட்டுமாயின் அஃது அசைவு. கேமராவைச் சுமப்பவரின் காலடிதோறும் காட்சி குலுங்குமாயின் அது நடுக்கம். முன்னது காண்பாரைக் கதைக்குள் ஈர்க்கும். பின்னது கதைக்கு வெளியே தள்ளும். அசைவைக் கொண்டு நடுக்கத்தை விலக்குவதற்கென அமைந்த கருவியே ஸ்டெடிகேம். மனிதர் தம் உடலில் அணிந்துகொண்டு இயக்கும் கருவி அது.

கருவியை இயக்குவோருள் பலர் பிறர் செய்வதைப் பார்த்தே பழகுகின்றனர். 'எவ்வாறு' என்பதை அறிந்து 'ஏன்' என்பதை அறியாதவரிடம் கருவி முழுப்பயன் தருவதில்லை. சில வேளை அவர்தம் முதுகெலும்புக்கே ஊறு செய்துவிடுகின்றது. ஆகவே அக்கருவியின் தோற்றம், தத்துவம், அதனைப் பொருத்தும் முறை, இயக்கும் முறை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

தோன்றிய வரலாறு

1970களின் தொடக்கம் வரை நகரும் காட்சியைப் படமாக்க விழைந்தோர்க்கு வழிகள் சிலவே இருந்தன. தண்டவாளம் இட்டு அதன்மீது டிராலியை உருட்டலாம்; கிரேனில் ஏற்றலாம்; அன்றேல் கேமராவைத் தோளில் சுமந்து நடக்கலாம். தண்டவாளம் படிக்கட்டில் ஏறாது. தோளில் சுமந்தாலோ காட்சி குலுங்கும்.

இவ்விடர்ப்பாட்டுக்குத் தீர்வு கண்டவர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வாழ்ந்த காரெட் பிரௌன். இளமையில் நாட்டுப்புறப் பாடகராக இருந்து, பின்னர் விளம்பரப் படத் துறைக்கு வந்தவர். தாம் வடித்த கருவியின் ஆற்றலைக் காட்ட அவர் ஒரு மாதிரிப் படம் எடுத்தார். பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தின் நீண்ட படிகளில் ஒரு பெண் ஓடி ஏறி இறங்க, கேமரா குலுங்காது உடன் செல்லும் காட்சி அதில் இருந்தது. அதனைக் கண்ட இயக்குநர் ஜான் அவில்ட்சன், பின்னர்த் தம் 'ராக்கி' படத்தின் நாயகனை அதே படிகளில் ஓடி ஏறச் செய்தார்.

கருவி முதன்முதலாகப் பயன்பட்ட கதைப்படம் 'பவுண்ட் ஃபார் குளோரி'. அதில் உயரத்திலிருந்து கிரேன் தாழ்ந்து வர, அதினின்று இறங்கிய பிரௌன் மக்கள் திரளுக்கிடையே நடந்து செல்கின்றார். காட்சி எவ்விடத்தும் அறுபடவில்லை. அப்படத்திற்காக ஹாஸ்கெல் வெக்ஸ்லர் ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றார். அப்படமும் 'ராக்கி'யும் 1976ஆம் ஆண்டில் வெளிவந்தன. 1978ஆம் ஆண்டு நடைபெற்ற ஆஸ்கர் விழாவில் பிரௌனுக்கும், கருவியைத் தயாரித்த சினிமா புராடக்ட்ஸ் நிறுவனத்தின் பொறியியல் குழுவினர்க்கும் தொழில்நுட்ப விருது வழங்கப்பெற்றது.

அடிப்படைத் தத்துவம்

காட்சி குலுங்குவதற்குக் காரணம் யாது? கேமரா 2 சென்டிமீட்டர் மேலெழுந்தால், எதிரே நிற்கும் பொருள் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் அளவே இடம்பெயர்ந்ததாகத் தோன்றும். ஆனால் அது 1 பாகை சாய்ந்தாலோ, 10 மீட்டர் தொலைவில் நிற்பவர் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் இடம்பெயர்ந்ததாகத் தோன்றுவார். எனவே முதற்பகை ஏற்றத் தாழ்வன்று. சாய்வும் திருகலுமே என்பது பெறப்படும்.

சாய்வை எதிர்க்கும் வழியை நம் ஊர்க் கழைக்கூத்தாடி அறிவார். கயிற்றின்மேல் நடப்பவர் கையில் நீண்ட கோல் ஒன்றைக் குறுக்கே ஏந்துகின்றார். எடை நடுவில் குவியாமல் இருபுறமும் விரிந்திருத்தலால் கோல் விரைந்து திரும்ப மறுக்கின்றது. இயற்பியலார் இதனை நிலைமத் திருப்புத்திறன் என்பர். மையத்தினின்று எடை இருக்கும் தொலைவு இரு மடங்கானால் இவ்வெதிர்ப்பு நான்கு மடங்காகும்.

பிரௌனின் நுண்ணறிவு இங்கே வெளிப்படுகின்றது. கேமராவைத் தண்டொன்றின் மேல்முனையில் வைத்தார். மின்கலத்தையும் காட்சித் திரையையும் கீழ்முனையில் வைத்தார். இதனால் இரு பயன்கள் விளைந்தன. எடை விரிந்தமையால் தண்டு எளிதில் திருகாது. அன்றியும், கேமராவின் உடலுக்குள் கைக்கெட்டாமல் இருந்த ஈர்ப்பு மையம் வெளியே தண்டின்மீது வந்தமைந்தது. பொருளொன்றை ஈர்ப்பு மையத்தருகே தொட்டால் இரு விரல்களே அதனை ஆள்வதற்குப் போதும்.

மூன்று உறுப்புகள்

ஸ்டெடிகேமில் மூன்று உறுப்புகள் உள.

முதலாவது, மேற்கூறிய தண்டு. அதன் மேற்பகுதியில் கிம்பல் எனும் வளைய மூட்டு இருக்கும். கப்பல் எவ்வளவு சாய்ந்தாலும் மாலுமியின் திசைகாட்டி கிடைமட்டம் தவறாதிருக்க உதவும் அமைப்பும் இதுவே. சுமப்பவர் உடல் எப்பக்கம் திரும்பினும் அத்திருப்பம் தண்டுக்குச் செல்லாதபடி கிம்பல் தடுக்கின்றது.

இரண்டாவது, வில்சுருள்கள் பொருந்திய கை. மேற்கை, முன்கை எனும் நம் கையின் அமைப்பைப் போலவே அதற்கும் இரு பகுதிகள் உண்டு. நடையினால் எழும் ஏற்றத் தாழ்வை இது விழுங்குகின்றது.

மூன்றாவது, மார்பிலும் இடுப்பிலும் இறுக அணியும் கவசம். கருவியின் எடையைத் தோளினின்று நீக்கி இடுப்பெலும்பின்மேல் ஏற்றுவது இதன் பணி. பெரும்படக் கேமராவோடு சேர்ந்த மொத்தச் சுமை 30 கிலோவை எட்டுவதும் உண்டாதலின், இதன் இன்றியமையாமை கூறாமலே விளங்கும்.

பொருத்தும் முறை

பொருத்தும் வேலை கருவியை அணிவதற்கு முன்பே முடிய வேண்டும். கேமராவில் ஏற்ற வேண்டிய லென்சு, வடிகட்டி, ஒலிவாங்கி முதலிய அனைத்தையும் முதலிலேயே ஏற்றிவிடுக. சமன் செய்தபின் ஏற்றும் சிறு பொருளும் சமனைக் குலைக்கும்.

பின்னர்க் கேமராவின் அடியில் உருண்டைக் கோலொன்றை வைத்து, அது முன்னும் பின்னும் சாயாது நிற்கும் இடத்தைக் கண்டு குறித்துக்கொள்க. அக்குறி தண்டின் மையத்துக்குச் சற்றே பின்னால் அமையுமாறு கேமராவைப் பூட்டுக. இனி, தண்டைத் தாங்கியில் தொங்கவிட்டு, முன்பின்னாகவும் இடவலமாகவும் கேமராவைச் சிறிது சிறிதாக நகர்த்தித் தண்டு செங்குத்தாக நிற்கச் செய்க.

அடுத்து வருவது விழுநேரச் சோதனை. தண்டைக் கிடைநிலையில் பிடித்து விடுக. அது செங்குத்து நிலையைக் கடக்க ஏறத்தாழ 2 முதல் 3 வினாடி ஆகுமாயின் பெரும்பாலான காட்சிகளுக்கு ஏற்றது. விரைந்து விழுமாயின் அடிப்புறம் மிகக் கனக்கின்றது என்பது பொருள். அத்தகைய கருவி, நடை தொடங்கும்போதும் நிற்கும்போதும் கடிகார ஊசல்போல் ஆடும். அப்போது கிம்பலைத் தண்டில் சற்றுக் கீழே இறக்குதல் வேண்டும். மிக மெதுவாக விழுமாயின் சற்று மேலே ஏற்றுதல் வேண்டும்.

இறுதியாகச் சுழற்சிச் சோதனை. நின்ற நிலையில் சமனாக இருக்கும் தண்டு, சுழலும்போதும் சமனாக இருக்கும் என்று கொள்வதற்கில்லை. மெல்லச் சுழற்றிப் பார்த்து, அது தள்ளாடுமாயின் மின்கலத்தையோ திரையையோ சற்று வெளியே அல்லது உள்ளே நகர்த்தி, கேமராவைக் கொண்டு மீண்டும் சமன் செய்க. பொறுமையுடன் சில முறை திரும்பத் திரும்பச் செய்யின் இது கைவரும்.

கவசத்தை அணியும்போது இடுப்புப் பட்டையை முதலில் இறுக்குக. தளர்ந்த கவசம் சுமையைத் தோளுக்கே திருப்பிவிடும். வில்சுருளின் விசையைக் கேமராவின் எடைக்கேற்ப அமைக்க, கை ஏறக்குறையக் கிடைமட்டமாக மிதந்து நிற்கும். கையைப் பூட்டும் இடத்தில் உள்ள திருகுகளைச் சரிசெய்து, கைவிட்டாலும் கருவி நம்மைவிட்டு விலகி ஓடாது நிற்குமாறு செய்தல் வேண்டும்.

இயக்கும் முறை

இயக்குபவர் நிமிர்ந்து நிற்க வேண்டும்; முன்னே குனிதல் பெரும்பிழை. தலையில் குடம் சுமந்து வரும் பெண்டிரின் நடையை நோக்குக. கால் நடக்கின்றது, முதுகு நேராக நிற்கின்றது, குடத்து நீர் தளும்புவதில்லை. அதுவே இங்கும் வேண்டும். சுமை உடலுக்கு அருகில் இருத்தல் வேண்டும். எட்டத்தில் பிடித்தால் அதே எடை முதுகைப் பன்மடங்கு வருத்தும்.

ஒரு கை கிம்பலின் கைப்பிடியைப் பற்றிக் கருவி செல்லும் இடத்தை ஆளும். மற்றக் கையின் விரல் நுனிகள் தண்டை மெல்லத் தொட்டு அது நோக்கும் திசையை ஆளும். இறுகப் பற்றினால் உடலின் நடுக்கம் முழுவதும் கேமராவுக்குச் சென்றுவிடும். கண் காட்சித் திரையில் இருக்கும். எனவே பின்னோக்கி நடக்கும்போதும் படிகளில் இறங்கும்போதும் உதவியாளர் ஒருவர் முதுகைத் தொட்டு வழிகாட்டுதல் கட்டாயம். குவியத்தை மற்றொருவர் தொலைவிலிருந்தே கம்பியில்லாக் கருவியால் சரிசெய்வார்.

பயிற்சிக்கு எளிய முறை ஒன்றுண்டு. சுவரில் நாடாவால் ஒரு சிலுவைக் குறி ஒட்டுக. தரையில் நேர்கோடு இட்டு, அக்கோட்டின்மேல் முன்னும் பின்னும் நடந்து, குறி திரையின் நடுவைவிட்டு விலகாது காத்திடுக. ஒரு மணி நேரம் இதனைச் செய்தவர் தம் நடையின் குறைகளைத் தாமே அறிவார். காற்று வீசும் திறந்தவெளியில் கருவி காற்றாடிபோல் திரும்பும். அப்போது மறைப்பு வேண்டும். ஒரு காட்சி முடிந்ததும் கருவியைத் தாங்கியில் இறக்கி ஓய்வு கொள்ளுதல் வேண்டும். களைத்த உடல் நடுங்கும். நடுங்கும் உடல் விழவும் கூடும்.

இப்பயிற்சியின் உச்சத்தை 'ரஷ்யன் ஆர்க்' படத்தில் காணலாம். 2001 டிசம்பர் 23 அன்று, ரஷ்யாவின் ஹெர்மிடேஜ் அரண்மனையில், தில்மன் பியூட்னர் இக்கருவியை அணிந்து நடக்க, 90 நிமிடங்களுக்கும் மேற்பட்ட முழுப்படமும் ஒரே தொடர்காட்சியாகப் பதிவாயிற்று. முதல் மூன்று முயற்சிகளும் தொடக்கத்திலேயே தடைப்பட, நான்காவது முயற்சியே நிறைவேறியது.

இன்றைய நிலை

2013ஆம் ஆண்டளவிலிருந்து மின்பொறிகளால் இயங்கும் கிம்பல்கள் பரவலாயின. சாய்வை உணரிகள் கண்டறிய, மூன்று சிறு மின்பொறிகள் அதனை உடனுக்குடன் திருத்துகின்றன. இன்று திருமண மண்டபங்களில் இளைஞர் கைகளில் காண்பது இதனையே. இனி ஸ்டெடிகேமின் கல்வி எதற்கு என வினவலாம்.

விடை எளிது. மின்கிம்பலிலும் கேமராவைச் சமன் செய்தே பூட்டல் வேண்டும். இன்றேல் மின்பொறி ஓயாது உழைத்துச் சூடேறும். மேலும் அது சாய்வைத் திருத்துமேயன்றி, நடையின் ஏற்றத் தாழ்வைத் திருத்தாது. அதனைத் திருத்த வில்சுருள் கையோ பயின்ற நடையோதான் வேண்டும். கைகளை நீட்டிச் சில கிலோ எடையை மணிக்கணக்கில் ஏந்தும் இளைஞர், சுமையை இடுப்புக்கு இறக்கும் பாடத்தை அறியாமையால் தோள்வலிக்கும் முதுகுவலிக்கும் ஆளாகின்றார். உழைப்பவர் உடலைக் காப்பதும் தொழிற்கல்வியின் ஒரு கூறன்றோ?

முடிவுரை

சமன் பற்றிய ஆராய்ச்சி நமக்குப் புதிதன்று. மர்வ் நகரத்து அறிஞர் அல்-காஸினி, கி.பி. 1121ஆம் ஆண்டளவில் 'மீஸானுல் ஹிக்மா', அதாவது 'ஞானத்தின் தராசு' எனும் அரபு நூலை யாத்து, தராசின் அமைப்பையும் ஈர்ப்பு மையத்தின் இயல்பையும் விரிவாக ஆராய்ந்தார். மறுமையில் நன்மை தீமைகளை நிறுக்கும் தராசுக்கு நாம் வழங்கும் பெயரும் மீஸான் என்பதே. வள்ளுவரும் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலையே உவமையாக்கினார்.

காட்சித் தொடர்பியல் பயிலவும் படப்பிடிப்புத் தொழிலில் ஈடுபடவும் நம் மாணவர் பலர் முன்வருகின்றனர். கருவியின் பெயர் எம்மொழியினதாகவும் இருக்கட்டும். அதன் தத்துவத்தை அவர்கள் தாய்மொழியில் தெளிவாக உணர்தல் வேண்டும். அத்தெளிவைத் தமிழில் தருவது தமிழ்த்துறையினரின் கடமையுமாகும். திரையில் காட்சி அசையாது ஒழுகும்போது அதைத் தாங்கி நடந்தவரை எவரும் காண்பதில்லை. அவர் நலமுடன் நெடுங்காலம் நடக்க இவ்விளக்கம் சிறிதேனும் உதவுமாயின் அதுவே இக்கட்டுரையின் பயன்.