அப்பப்பாவின் பெயரில் 1,500 டொலர்

பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்குச் சிவிக்ஸ் பாடத்தில் ஒரு வீட்டுவேலை. எங்கள் தொகுதியில் கட்சிகளுக்கு யார் யார் காசு கொடுக்கிறார்கள் என்று பார்த்து எழுத வேண்டும். எலெக்‌ஷன்ஸ் கனடா இணையத்தளத்தில் தேடிக்கொண்டிருந்தவள் திடீரென்று சிரித்தாள். "அப்பா, இங்க அப்பப்பாட பேர் இருக்கு! 1,500 டொலர்!"

பக்கத்தில் இருந்த என் அப்பாவின் முகம் மாறிவிட்டது. "அதை எடுக்கச் சொல்லு தம்பி. எங்கட பேர் ஏன் அங்க கிடக்குது?"

அந்தப் பயம் எனக்கு விளங்கும். 1983 யூலையில் வாக்காளர் பட்டியலோடு கும்பல்கள் தமிழர் வீடுகளைத் தேடி வந்தபோது அப்பா கொழும்பில் இருந்தவர். பட்டியல் என்றாலே அவருக்கு வயிற்றைக் கலக்கும்.

ஆனால் இந்தப் பட்டியல் வேறு விஷயத்துக்கு. ஓர் அரசியல்வாதி யாருடைய காசில் நிற்கிறார் என்று வாக்குப் போடுகிறவர்கள் பார்ப்பதற்காக.

கனடாவின் மத்திய தேர்தல் சட்டத்தில் விதி இதுதான். குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ உள்ளவர்கள் மட்டுமே காசு கொடுக்கலாம். 2007 முதல் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் ஒரு சதமும் கொடுக்க முடியாது. 20 டொலருக்கு மேல் பெயர் சொல்லாமல் கொடுக்க முடியாது. 200 டொலரைத் தாண்டினால் உங்கள் பெயர், நகரம், தபால் குறியீடு, தொகை எல்லாம் வெளியாகும். ஒரு கட்சிக்கு 2025 இல் உச்ச அளவு 1,750 டொலர். அதன் வேட்பாளர்களுக்கும் தொகுதிச் சங்கங்களுக்கும் சேர்த்து இன்னொரு 1,750.

நிதி சேர்க்கும் இராப்போசன டிக்கெட்டும் இதில் சேரும். 300 டொலர் டிக்கெட்டில் சாப்பாட்டின் பெறுமதி 60 என்றால், மிச்சம் 240 உங்கள் நன்கொடை. பெயர் வரும்.

இதை நான் விளக்கிக்கொண்டிருக்க, மகள் கேட்டாள்: "அப்பப்பா, உங்களுக்கு பென்சன் மட்டும்தானே? எப்பிடி 1,500 குடுத்தனீங்கள்?"

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். "அது என்ர காசில்லை. கடை வச்சிருக்கிற என்ர சிநேகிதர் தந்தவர். கம்பனிச் செக் குடுக்கேலாதாம், தன்ர அளவும் முடிஞ்சுதாம். என்ர பேரில ஒரு செக் எழுதச் சொன்னார். எங்கட பெடியன் ஒருத்தன் நிக்கிறான், உதவிதானே எண்டு செய்தன்."

இன்னொருவர் அதற்கென்று தந்த காசை நம் பெயரில் கொடுப்பது சட்டப்படி குற்றம். அப்பாவுக்கு அது தெரியாது. சிநேகிதருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இரண்டு இரவு எனக்கு நித்திரை இல்லை. பேசாமல் விட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? சொன்னால் அப்பாவுக்குப் பிரச்சினை வருமோ? முப்பது வருடச் சிநேகிதம் என்ன ஆகும்? மூன்றாம் நாள் மகள் கேட்டாள்: "நான் அப்பப்பாட பேரை எழுதுறதா, விடுறதா?"

அதற்குப் பிறகு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அப்பாவும் நானும் தொகுதிச் சங்கத்தின் நிதி முகவருக்கு நடந்ததை எழுதினோம். விதியை மீறி வந்த காசு என்று தெரிந்தால் 30 நாளுக்குள் அவர்கள் அதைத் திருப்ப வேண்டும். செக் வந்தது. அப்பா அதை மாற்றிச் சிநேகிதரிடமே கொடுத்தார். வரிச் சலுகைக்குக் காட்டிய ரசீதையும் திருத்தினோம். சிநேகிதர் இப்போது கோயிலில் கண்டால் தலையாட்டுவார், அவ்வளவுதான். அப்பாவுக்கு அது இன்னும் வலிக்கிறது.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் ஒருதரம் கேட்டுப் பாருங்கள். "எங்கட ஆளுக்கு ஒரு கையெழுத்துத்தானே" என்று கேட்டால் மறுக்கத் தெரியாத தலைமுறை அது. பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு கேளுங்கள். எங்கள் வீட்டில் சரியான கேள்வியைக் கேட்டது அவள்தான்.

போன மாதம் அப்பா தன் பென்சனிலிருந்து 100 டொலர் கொடுத்தார். எழுத முதல் என்னைக் கேட்டார்: "200க்குக் கீழதானே தம்பி? பேர் வராதே?"

"வராது அப்பா," என்றேன்.