பாலாற்று மணலில் டயர் ஏன் கழல்கிறது?

வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் ஆகிய தோல் தொழில் நகரங்களை ஒட்டிச் செல்லும் பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணற்பரப்பாகவே கிடப்பதால், அதில் ஜீப்பை இறக்குவோர் முதலில் டயரின் காற்றைக் குறைக்க வேண்டியுள்ளது. ஒரு டயர் 450 கிலோ எடையைத் தாங்குவதாகவும், அதனுள் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தம் இருப்பதாகவும் கொண்டால், அது தரையில் பதியும் பரப்பு சுமார் 210 சதுர செ.மீ. ஆகும், அழுத்தத்தைப் பாதியாக்கினால் அப்பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகி, அகலத்தைவிட நீளத்திலேயே மிகுதியாக வளர்வதால், சக்கரம் புதையாமல் மணல்மீது ஏறிச் செல்கிறது.

ஆனால் டயரை ரிம்மில் பிடித்துவைப்பதும் அதே காற்றுதான். டயரின் உள்ளோரத்தில் ரப்பருக்குள் புதைந்துள்ள எஃகுக் கம்பி வளையமான பீடு, உள்ளழுத்தத்தால் ரிம்மின் விளிம்போடு ஒட்டி நிற்கிறது. அழுத்தம் 10 பவுண்டுக்கும் கீழே இறங்கிய நிலையில் வண்டியைச் சட்டெனத் திருப்பினால், பக்கவாட்டு விசையால் பீடு நழுவிக் காற்று முழுதும் வெளியேறிவிடக்கூடும். பீட்லாக் சக்கரத்திலோ, வெளிப்புற பீடு ரிம்முக்கும் தனி உலோக வளையத்துக்கும் நடுவே வைத்துப் போல்ட்டுகளால் இறுக்கப்படுவதால் நகர்வதில்லை. இதன் குறைகளும் சிறியவை அல்ல: சக்கரம் கனக்கிறது, போல்ட்டுகளின் இறுக்கத்தை அடிக்கடி சோதிக்க வேண்டியுள்ளது. (தோற்றத்துக்காக மட்டுமே வளையம் பதித்த ரிம்களும் விற்கப்படுகின்றன, அவை எதையும் பிடிப்பதில்லை.)

பாலாற்று மணலுக்கு, பக்கச்சுவர் உயர்ந்த டயரைச் சாதாரண ரிம்மில் பொருத்தி, அழுத்தத்தை 15 முதல் 18 பவுண்டுக்குக் குறைத்து, நிதானமாகத் திருப்பினாலே போதும், பீட்லாக் தேவையில்லை. காற்று குறைந்த டயர் வேகத்தில் சூடேறிச் சிதையும் என்பதால், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறுமுன் மீண்டும் காற்றடித்தாக வேண்டும்.